விரால் கரையைப் பார்ப்பது

அந்தக் காலத்தில், மீன் பேசினால் மனிதன் கேட்பான், கேட்டதற்கு மரியாதையாகப் பதிலும் சொல்வான் என்றிருந்த காலத்தில், புங்கனேரி என்று ஒரு சின்ன ஏரி இருந்தது. ஏரி என்றதும் கடல் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். ஐப்பசியில் நிரம்பும். சித்திரை பிறந்ததும் ஓரத்திலிருந்து வற்றத் தொடங்கி, வைகாசியில் மதகுக்குப் பக்கத்து மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அங்கே மதகுக் கல்லின் நிழல் உண்டு, சாய்ந்து விழுந்த ஒரு புங்க மரத்தின் கிளைகள் தண்ணீருக்குள் கிடக்கும், சுற்றிலும் கோரை. வெயில் ஏற ஏற, ஏரி மீன் மொத்தமும் அங்கேதான் வந்து ஒண்டிக்கொள்ளும்.

அப்போதெல்லாம் தூண்டிலில் முள் கிடையாது. ஒரு நூல், அதன் நுனியில் ஒரு முடிச்சு. மீன் வேண்டும் என்றவன் கரையில் குந்தி, நூலைத் தண்ணீரில் விட்டு, யாருக்குப் பசி, வீட்டில் எத்தனை பேர் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். மீன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். வாழ்ந்தது போதும் என்று நினைக்கிற கிழடு ஒன்று வந்து முடிச்சைக் கவ்விக்கொள்ளும். குஞ்சு வைத்திருக்கிற மீனை மட்டும் யாரும் கேட்கக் கூடாது, அதுவும் வரக் கூடாது. சாப்பிட்டவர்கள் தெம்பு வந்ததும் கரைக்கு வந்து ஒரு பிடி சோற்றைத் தண்ணீரில் போட்டு, "நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதுதான் முறை. நம்ப முடியவில்லையா? நம்பாதீர்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எனக்குச் சொன்னவர்கள் இப்படித்தான் சொன்னார்கள்.

அந்த மடுவில் கோரையாள் என்று ஒரு விரால் இருந்தாள். அவள் புருஷன் நெட்டையன். பெயருக்கேற்ற உடம்பு, அதற்கேற்ற மந்தம். அவள் நாலு வார்த்தை பேசினால் அவன் ஒரு வார்த்தை பேசுவான், அதையும் யோசித்துத்தான் பேசுவான். அந்தக் காலத்து விராலுக்கு மேலே வருகிற பழக்கமே கிடையாது. மற்ற மீன்களைப் போல அடியிலேயே கிடந்து தண்ணீரையே மூச்சாக்கிக்கொள்ளும். அந்தச் சித்திரையில் அவர்களுக்குக் குஞ்சு பொரித்திருந்தது. நூற்றுக்கணக்கில், மிளகாய் விதை அளவில், செக்கச்செவேலென்று. கோரையாள் முன்னால் போவாள், நெட்டையன் பின்னால் வருவான், பிள்ளைகள் நடுவில்.

"என்னங்க, ஒரு பக்கமா ஒதுங்கிப் போகுதே அந்தக் கும்பல், பார்க்க மாட்டீங்களா?" என்பாள்.

"பார்த்துக்கிட்டுத்தானே வர்றேன்" என்பான்.

அந்தக் குரல் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் உச்சி வெயிலில் வேம்புலி கரைக்கு வந்து குந்தினான். ஏரிக்கரைக் குடியானவன், மீன்களுக்கு நன்றாகத் தெரிந்தவன். மூன்று நாளில் இது மூன்றாவது தடவை.

"வாங்கண்ணே. நேத்து கெளுத்தி அக்கா வந்தாங்களே, அண்ணி சாப்பிட்டாங்களா?" என்று கோரையாள் அடியிலிருந்து கேட்டாள்.

"எங்க சாப்பிட்டா. ஒரு வாய் வச்சா, உடனே வெளிய வந்துடுச்சு. பத்து நாளா இதே கூத்துதான் தங்கச்சி. தண்ணிகூட தங்க மாட்டேங்குது."

"எத்தனை மாசம்?"

"நாலு நடக்குது. இதுக்கு முன்னாடி ரெண்டும் இந்த நாலாம் மாசத்துலதான்..." என்றவன் நிறுத்திவிட்டு நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவன் பெண்டாட்டி பூங்காவனம் காலையில்தான் முதன்முதலாக வாய் திறந்து ஒன்று கேட்டிருந்தாள். விரால் குழம்பு ஒரு வாய் கிடைத்தால் இறங்கும் போலிருக்கிறது என்றாள். ஏரியில் அப்போது இருந்த விராலோ இந்த இரண்டும்தான், அதுவும் குஞ்சும் குட்டியுமாக. கேட்டால் முறை தப்பு. கேட்காமல் போனால் வீட்டில் அவள் சுருண்டு கிடக்கிறாள். அவன் கெட்டவன் இல்லை. இருந்தாலும் ஆசைப்பட்டவள் முகம் கண்ணை மறைத்துவிட்டது.

"தங்கச்சி, அவளுக்கு ஒரு ஆசை" என்றான். "விரால் முகத்தை ஒரு தடவை பார்க்கணுமாம். பார்த்தாலே தெம்பு வந்துடும்ங்கறா. நடந்து வர அவளால முடியாது. மாப்பிள்ளையைத் தோண்டியில கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டிட்டு, விளக்கு வைக்கறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடறேன்."

மடுவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கரையிலிருந்து அதுவரை யாரும் பொய் சொன்னதில்லையே, சந்தேகம் எங்கிருந்து வரும்? நெட்டையன்தான் தயங்கினான்.

"பிள்ளைங்க சின்னதா இருக்கே" என்றான் பெண்டாட்டியிடம். "நாலு நாள் போகட்டுமே."

"நாலு நாள்ல அங்க என்ன ஆகுமோ. ஒரு பொழுது நான் பார்த்துக்க மாட்டேனா? ரெண்டு தடவை பறிகொடுத்தவங்க, பார்க்கணும்னுதானே கேட்கறாங்க. போயிட்டு வந்துடுங்க."

"போகவா?"

"போங்கன்னு சொல்றேன்ல."

அவன் யோசித்தான். வழக்கம்போல ஒரு வார்த்தைதான் சொன்னான். "சரி."

தண்ணீருக்கு வெளியே அவனுக்கு வழி தெரியாது என்று, கரையும் தண்ணீரும் தெரிந்த ஒரு தவளையைத் துணைக்கு அனுப்பினாள். வேம்புலி தண்ணீருக்குள் இறக்கிய மண் தோண்டிக்குள் நெட்டையன் சுருண்டு படுத்தான். அவன் உடம்புக்கு அது பத்தவில்லை, வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கோரையாளுக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் வழியனுப்பினாள்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. தவளை மட்டும் வந்தது.

வேம்புலி வீட்டில் தவளை என்ன பார்த்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுப்பில் சட்டி இருந்தது. புளி கரைத்து வைத்திருந்தது. தவளை வாசற்படியோரம் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தது. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தது. மடுவுக்கு வந்தால், கோரையாள் தன்னந்தனியாகப் பிள்ளைகளை முன்னும் பின்னும் ஓடி ஓடி மடக்கிக்கொண்டிருக்கிறாள். இப்போது சொன்னால் இவள் உடைந்து போவாள், பிள்ளைகளைக் கெண்டை கொத்திப் போகும் என்று நினைத்தது. தவளைக்கு மனசு நல்ல மனசுதான், நெஞ்சுரம்தான் பத்தாது.

"எங்க அவர்?"

"வந்துக்கிட்டே இருக்கார் அக்கா. நான் தாவி முன்னாடி வந்துட்டேன்."

கோரையாள் காத்திருந்தாள். இருட்டியது, விடிந்தது.

"இன்னும் காணோமே?"

"அவங்க வீட்டுல விருந்து பலமா இருக்கு. ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க மாப்பிள்ளைன்னு பிடிச்சு வச்சுக்கிட்டாங்க. வர்ற வழி பார்க்கணும்னா மேல வந்து பாருங்களேன்."

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் தவளை சொன்னது. ஆனால் அவள் வந்துவிட்டாள். விரால் பிறந்ததிலிருந்து எந்த விராலும் செய்யாத காரியம். தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டியதும் வெயில் கண்ணைக் குத்தியது. வாய் தானாகத் திறந்தது, வெறும் காற்று உள்ளே போய் நெஞ்சை அடைத்தது. கரை தெரிந்தது. கரையில் ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குமேல் தாங்காமல் கீழே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, இப்போது வந்திருப்பாரோ என்று தோன்றியது. மறுபடி மேலே வந்தாள்.

அப்படியே பழகிவிட்டது. காலையில் பார்ப்பாள், வெயிலில் பார்ப்பாள், சாயங்காலம் பார்ப்பாள். போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகிற பிள்ளைகளும் அவளோடு மேலே வந்தன. மடுவின் ஒரு மூலையில் தண்ணீர் செந்நிறமாகக் கொதிக்கிற மாதிரி இருக்கும். மற்ற மீன்கள் சொல்லிப் பார்த்தன. "ஏம்மா வெயில்ல போய் நிற்கறே, கொக்கு பார்த்தா என்ன ஆவும்?" கோரையாள் கேட்கவில்லை. கீழே இருந்தால் பின்னால் அந்தக் குரல் இல்லாதது தெரிகிறது, மேலே போனால் வரப்போகிறான் என்று இருக்கிறது. அவளுக்கு வேறென்ன போக்கிடம்? போங்கன்னு சொன்னது இந்த வாய்தானே, என்று தன் வாயையே நொந்துகொள்வாள். பிறகு திரும்பவும் மேலே போவாள்.

இருபது நாள் போயிற்று. வேம்புலி ஏரிப் பக்கமே தலைகாட்டவில்லை. தவளை ஒரு நாளைக்கு ஒரு சமாதானம் சொன்னது.

இருபத்தோராம் நாள் காலையில் கரையில் ஒரு பெண் வந்து நின்றாள். மேடிட்ட வயிறு, தேறிய முகம், கையில் இலையில் சோறு. பூங்காவனம்தான். உடம்பு சரியானதும் முறைப்படி கரைக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று வேம்புலி தள்ளிக்கொண்டே வந்தான். அவன் கழனிக்குப் போன நேரம் பார்த்து அவளே கிளம்பி வந்துவிட்டாள்.

"நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போடக் குனிந்தாள். எதிரே ஒரு விராலின் தலை தண்ணீருக்கு மேல் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணி, நீங்கதானே பூங்காவனம்?" என்றாள் கோரையாள். "உடம்பு தேறிடுச்சே. அவர் கிளம்பிட்டாரா? நீங்க முன்னாடி வந்துட்டீங்களா?"

"யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்தான். நீங்க பார்க்கணும்னு ஆசைப்பட்டீங்கன்னு அண்ணன் தோண்டியில கூட்டிக்கிட்டு வந்தாரே. நெட்டையா இருப்பார். அதிகமா பேச மாட்டார்."

பூங்காவனத்தின் கை அப்படியே நின்றது. அவள் விராலைப் பார்த்தாள். விராலைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்த குஞ்சுகளைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே, நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றாள். "வயசான விரால் ஒண்ணு தானா வந்துச்சுன்னு சொல்லித்தான் போட்டார். நான்... நல்லா சாப்பிட்டேன்."

பூங்காவனம் அழுதாள். விராலுக்கு அழத் தெரியாது.

"தங்குச்சா?" என்று கோரையாள் கேட்டாள்.

"தங்குச்சு. அன்னையிலேர்ந்துதான் எல்லாமே தங்குது."

"பிள்ளை நல்லா பொறக்கட்டும்" என்றாள் கோரையாள்.

விரால் மனிதரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். கீழே போனாள். மதகுக் கல்லில் உட்கார்ந்திருந்த தவளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சமாதானம் சொல்லலாம் என்று தண்ணீரில் குதித்தது. அது கால் உதைத்து நீந்திய சத்தம் கேட்டதும் கோரையாள் அடியிலிருந்து பாய்ந்து வந்தாள். அவ்வளவு நாளும் சொன்ன அத்தனை சமாதானத்தையும் சேர்த்து ஒரே கவ்வு. அதற்குப் பிறகு ஏரியில் ஒரு மீனும் வாய் திறக்கவில்லை.

வேம்புலி மறுநாள் ஓடி வந்தான். குந்தி உட்கார்ந்து, "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தான். ஊர்க்காரர்கள் நூலை விட்டுக்கொண்டு தங்கள் பசியைச் சொல்லிப் பார்த்தார்கள். முடிச்சைக் கவ்வ எதுவும் வரவில்லை. பசி எத்தனை நாள் பொறுக்கும்? ஒருவன் முள்ளை வளைத்து நூலில் கட்டினான். அவன் கரையில் பேசாமல் உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. தவளையைக் கண்டால் விரால் பாய்கிறது. அதோடு, விரால் எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதே இல்லை.

ஏனென்றால், புருஷன் வரமாட்டான் என்று தெரிந்த பிறகும் கோரையாள் மேலே வருவதை விடவில்லை. விட அவளால் முடியவில்லை. வெளிக்காற்று பழகிப்போன உடம்புக்கு மேலே வராவிட்டால் மூச்சு முட்டியது. ஆனால் காற்றுக்காக மட்டும்தான் வந்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். காற்றுக்கு மட்டும் என்றால் மூக்கை நீட்டிவிட்டு உடனே போகலாமே? அவள் ஒரு கணம் நின்று கரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வந்துடுங்க என்று கூப்பிட்டிருப்பாளோ என்னவோ, சத்தம் மட்டும் வரவில்லை.

அன்று முதல்தான் கோடை வந்து ஏரி வற்றினால் விரால் நிழலடியிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து, வாயைத் திறந்து கரையைப் பார்த்துவிட்டுப் போகிறது. நாமும் அன்று முதல்தான் முள்ளில் தவளையைக் கோத்துக்கொண்டு, வாயே திறக்காமல், அது எங்கே வந்து பார்க்கும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.