பின்னால் நடந்த பூரான்

கங்கைக்கரைக் காசி இல்லை. இது மேகாலயாவில் மழை ஓயாத காசி மலை. அங்கே தெய்லின் என்றொரு குரு இருந்தாள். பட்டுச் சால்வையின் ஓரத்தில் பூரான் ஊர்வதுபோல நூலால் தைக்கும் ஒரு வேலைப்பாடு அந்த மலையில் உண்டு. எல்லாரும் கைவிட்ட பிறகு அதை மறுபடி கையில் எடுத்தவள் அவள்தான்.

அவளுடைய முதல் சிஷ்யை ஐபன். வயதில் குருவைவிடப் பத்து வருஷம் மூத்தவள், வாயும் கொஞ்சம் நீளம். அக்காள் என்பதற்கு அங்கே ‘கொங்’ என்பார்கள். குரு என்பதால் தெய்லினை அவள் கொங் என்பாள். மூத்தவள் என்பதால் குருவும் அவளைக் கொங் என்பாள். யாருக்கு யார் அக்காள் என்று ஊருக்கே குழப்பம்.

ஐபனோடு சேர்த்து ஆறு பெண்களின் வீட்டில் இந்தத் தையலால்தான் உலை கொதித்தது.

ஒரு சந்தை நாளில் ஐபன் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் ஒரு சால்வை.

“கொங் தெய்லின், மோசம் போயிட்டோம்! எதிர்மலைப் பொம்பளைங்க நம்ம பூரானைத் தைச்சுக் கடை விரிச்சிருக்காங்க. விலையும் நம்மளைவிடக் கம்மி!”

தெய்லின் சால்வையை வெளிச்சத்தில் விரித்தாள். பார்த்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“காலெல்லாம் தலைப் பக்கமா சாஞ்சிருக்கு. பாவம், இது பின்னாலதான் நடக்கும்.”

ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்மலைக்குக் கிளம்பினாள்.

ஐபனுக்கு உச்சி குளிர்ந்தது. இன்றைக்கு நல்ல சண்டை இருக்கிறது. திட்ட வேண்டியதையெல்லாம் வழிநெடுக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தாள். அதில் சிலது அவளுக்கே புதுசு.

அங்கே பெண்கள் இவர்களைக் கண்டதும் தைத்துக்கொண்டிருந்ததை மடிக்குள் ஒளித்தார்கள். ஒருத்திக்கு முகம் வெளிறிவிட்டது.

“வந்தவங்களுக்கு வெத்தலை பாக்கு கிடையாதா?” என்றாள் தெய்லின்.

தட்டு வந்தது. மென்றபடியே அவள் முகம் வெளிறியவளின் மடியிலிருந்து துணியை உருவினாள்.

“உங்களைப் பாத்து ஆசைப்பட்டுத்தான் தைச்சோம், கொங்” என்றாள் அந்தப் பெண்.

“ஆசை சரிதான். காலை இப்படி வால் பக்கமா சாய்க்கணும். அப்பதான் முன்னால ஊரும்.”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நெருங்கி உட்கார்ந்தார்கள்.

ஐபன் வாசலிலேயே முறைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் ஒருத்தி நூலை இழுத்த இழுப்பில் துணி சுருங்கியதை அவளால் பொறுக்க முடியவில்லை.

“அட, இப்படியா இழுப்பாங்க? கொண்டா இங்க!”

உட்கார்ந்தவள் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. அவளுடைய கேலியில் அந்த வீடே சிரித்துக் கிடந்தது. அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியில்தான் பயம் பிடித்துக்கொண்டது.

“நானும் சேர்ந்து சொல்லிக் குடுத்துட்டேனே, கொங்! இனிமே அவங்களும் நம்மளை மாதிரியே தைப்பாங்க. இவ்வளவு போட்டியில நம்ம ஆறு பேர் வீட்டு அடுப்பு எரியுமா?”

தெய்லின் நின்றாள்.

“நான் ஆரம்பிச்சப்போ இந்த மலையிலேயே நான் ஒருத்திதான் தைச்சேன், கொங் ஐபன். போட்டிக்கு ஒரு ஆள் கிடையாது. வாங்கவும் ஒரு ஆள் கிடையாது.”