கோளாறை வெளியே வைத்த வீடு

கூழங்குப்பத்தில் தணிகாசலமும் அவர் தம்பிகள் பொன்னுரங்கமும் வேதகிரியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை போதும் என்று கடவுள் நினைத்தார் போலிருக்கிறது. அதையும் யாரிடம் கொடுத்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தணிகாசலத்தின் மகள் திலகவதியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனதில் மனுஷர் நொந்துபோயிருந்தார். பையனின் அப்பாவுக்கு வடை என்றால் உயிராம். உளுந்து ஊறிக் கிடந்தது, ஆனால் காலையிலிருந்து டிரிப்பர் விழுந்துகொண்டே இருந்தது. கரண்ட் கசிந்தால் ஆளை அடிக்கவிடாமல் தானே அணைத்துவிடும் அந்தப் பெட்டிக்கு இருந்த அறிவு அந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

எலக்ட்ரீஷியன் அல்போன்ஸ் போனில் பொறுமையாகச் சொன்னார். “எல்லா பிளக்கையும் உருவிடுங்க. அப்புறம் ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. எப்போ டிரிப்பர் விழுதோ, அங்கதான் கோளாறு. அதைத் தூக்கி வெளிய வெச்சிடுங்க.”

தணிகாசலம் மிக்சியைச் செருகினார். ஒன்றும் ஆகவில்லை. பொன்னுரங்கம் இஸ்திரிப் பெட்டியைச் செருகினார். அதுவும் சரி. வேதகிரி கிரைண்டரைச் செருகினார். டக்!

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாங்க போட்டப்ப விழலை, நீ போட்டப்ப விழுது,” என்றார் தணிகாசலம் வருத்தத்தோடு. “கோளாறு உன்கிட்டதாண்டா.”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தேன்ணா?”

“கோளாறு சொல்லிட்டா வரும்?”

வேதகிரியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் வைத்தார்கள். டிரிப்பரைத் தூக்கிவிட்டு, அதே கிரைண்டரைப் பொன்னுரங்கம் செருகினார். டக்!

“தூக்கும்போது ஒட்டிக்கிச்சுண்ணா,” என்று சொல்லிவிட்டு அவரே வெளியே போனார்.

கடைசியில் தணிகாசலம் செருகினார். டக்! அவர் நியாயஸ்தர். தன்னைத் தானே தூக்க முடியாது என்பதால் நடந்தே போய்த் தம்பிகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் பையன் வீட்டார் வந்து இறங்கினார்கள்.

“என்னங்க, எல்லாரும் தெருவுல?” என்றார் பையனின் அப்பா.

தணிகாசலம் கைகூப்பினார். “மறைச்சுக் கல்யாணம் பண்ணா பாவங்க. எங்க மூணு பேருக்கும் கோளாறு இருக்குது.”

விவரம் கேட்டதும் பையனின் அப்பா தம் ஆட்கள் பக்கம் திரும்பினார். “எதுக்கும் நம்ம பையனையும் பாத்துடுவோம். டேய் சபாபதி, உள்ள போய்ப் போடுடா.”

டக்!

பையனின் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். தணிகாசலம் வாசலுக்கு ஓடினார். மூன்றாவது இடமும் போச்சு! கடைசி ஆசையாக, “அம்மா திலகா, நீயும் ஒரு தடவை போடும்மா,” என்று குரல் கொடுத்தார்.

டக்!

“பொருத்தம்னா இது பொருத்தம்!” என்று துள்ளி எழுந்தார் பையனின் அப்பா. வடை கிடைக்காத வருத்தம்கூட அவருக்கு மறந்துபோயிற்று. தெருவிலேயே தட்டு மாற்றினார்கள்.

“பொண்ணுக்கு சீரா என்ன தர்றதா இருக்கீங்க?” என்று கேட்டார் சம்பந்தி.

வீட்டுக்குள் மூலையில் சாதுவாக உட்கார்ந்திருந்த கிரைண்டரைத் தணிகாசலம் பெருமையோடு காட்டினார்.

“அதைத்தாங்க. எங்க வீட்டுல கோளாறு இல்லாதது அது ஒண்ணுதான்.”