ஒன்பதா, பதினொன்றா

"இந்த எழுத்து எனக்கு வராது, சிஸ்டர்."

மோட்சராக்கினி இப்படிச் சொல்வது அன்றைக்கு முதல் தடவை அல்ல.

சிஸ்டர் கொர்னேலியா சாக்கட்டியை எடுத்தார். சிலேட்டில் V போட்டு, அதற்கு முன்னால் ஒரு கோடு இழுத்து, தூக்கிக் காட்டினார்.

"இது?"

"நாலு."

கோட்டை விரலால் அழித்துவிட்டு மறுபக்கம் போட்டார்.

"இப்ப?"

"ஆறு."

"வருதே."

"வருது சிஸ்டர். சொல்லி முடிச்ச பிறகுதான் பயம் வருது."

கொர்னேலியா சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவர் வழக்கம் அது. 

மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கன்னியர் மடத்தைக் கட்டியவர்கள் கடல் தாண்டி வந்தவர்கள். தட்டு, தம்ளர், கோயில் பெஞ்சு என்று கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் அவர்கள் ஊர் ரோமன் எழுத்தில் எண் பொறித்துவிட்டுக் கல்லறைக்குப் போய்விட்டார்கள். உடுத்தும் அங்கியும் தப்பவில்லை. ஒவ்வொரு சிஸ்டருக்கும் ஓர் எண். கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் சிவப்பு நூலால் அதைத் தைத்திருப்பார்கள். 1, 2 என்று சாதாரணமாகப் போட்டால் குடியா முழுகிவிடும்? யாரும் கேட்டதில்லை. மடத்தில் ஒன்று பழக்கமாகிவிட்டால் அது ஏறக்குறைய வேதம்.

மோட்சம் ஐம்பது தாண்டிய பிறகு மடத்துக்கு வந்தவள். புருஷன் போய், மகனுக்குக் கல்யாணம் முடித்து, வீட்டை அவன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு, ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். கன்னியர் மடத்தில் கைம்பெண்ணுக்கு என்ன வேலை என்று ஊரில் சிரித்தவர்கள் உண்டு. மடத்திலேயே இரண்டு பேர் அப்படி நினைத்தார்கள், வாய் திறந்து சொல்லவில்லை.

அவளுக்குப் பயிற்சி கொடுக்க அமர்த்தப்பட்ட கொர்னேலியாவுக்கு, மோட்சத்துக்கு மகளாக இருக்கும் வயதுதான். அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் மோட்சத்தின் நாள் விடிந்தது, அடைந்தது. அவர் புருவம் கொஞ்சம் அசைந்தால் போதும், இவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"பத்துக்கு முன்னால ஒரு கோடு நின்னா?"

"ஒண்ணைக் கழிக்கணும். ஒன்பது."

"பின்னால நின்னா?"

"கூட்டணும். பதினொண்ணு."

"ஒரே கோடுதான்."

"ஆமா சிஸ்டர். அது எங்கே நிக்குதுன்னு பார்க்கணும்."

"இவ்வளவுதான். நாளையிலிருந்து துணி அறைக்குப் போங்க."

*

துணி அறையில் நீளமாக ஒரு மேஜை. அந்தப் பக்கம் நின்று ஒரு சிஸ்டர் இஸ்திரி போடுவார். போட்டு மடித்த அங்கியை இந்தப் பக்கம் தள்ளிவிடுவார். இங்கே நிற்கும் மோட்சம் பட்டையைப் பார்த்து, எண்ணைப் படித்து, அந்தந்த அலமாரித் தட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

சில அங்கிகளில் V கூரை மாதிரிக் கவிழ்ந்து கிடக்கும். அப்போது துணியைத் திருப்பி வைத்துப் படிப்பாள். மற்றதை வந்தபடியே படிப்பாள்.

ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லித்தான் வைத்தாள். வைத்துவிட்டு மறுபடியும் போய்ப் பார்த்தாள். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் ஒரு தடவை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இஸ்திரி போட்ட சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது.

"அதுக்குக் காலா முளைச்சிருக்கு, இறங்கி ஓட?"

மோட்சமும் சிரித்துவைத்தாள். உள்ளே சிரிப்பு இல்லை.

அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே எண்ணத் தெரியாமல் போனவள். ஆறு என்பாள். கொஞ்ச நேரத்தில் நாலு என்பாள். இறந்துபோன பிள்ளைக்குச் சோறு எடுத்து வைப்பாள். ஆரம்பத்தில் அதுவும் சின்னச் சின்னத் தப்பாகத்தான் இருந்தது. இதை மோட்சம் யாரிடமும் சொன்னதில்லை. கொர்னேலியாவிடம் ஒரே ஒரு முறை சொல்லப் போய், பாதியில் விழுங்கிவிட்டாள்.

*

கோயிலில் மெழுகுவர்த்தியோடு படியேறிய சிஸ்டர் பெலாஜியா குப்புற விழுந்தார்.

குள்ளமான மனுஷி. அங்கியின் ஓரம் காலுக்குள் போய் இடறிவிட்டது. மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

அவருக்கு உடை மாற்ற மோட்சத்தைத்தான் அனுப்பினார்கள். முதுகுக்குப் பின்னால் நின்று பித்தானைக் கழற்றும்போது பட்டையின் உட்புறம் தெரிந்தது.

IX.

ஒன்பது. பெலாஜியாவின் எண் பதினொன்று.

ஒன்பதாம் எண் சிஸ்டர் அனஸ்தாசியாவுடையது. மடத்திலேயே உயரமானவர் அவர். கொஞ்ச நாளாக அவர் கணுக்கால் வெளியே தெரிய நடமாடுவதை மோட்சமும் பார்த்திருந்தாள். இந்த வயதில் வளர்கிறாரா என்றுகூட வேடிக்கையாக நினைத்தாள். 

"சிஸ்டர், இது உங்க அங்கி இல்லையே."

"தெரியும்மா."

"எப்போலிருந்து?"

"நீங்க துணி அறைக்கு வந்ததிலிருந்து."

"சொல்லியிருக்கலாமே."

பெலாஜியா கட்டுப் போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"தட்டுல என்ன இருக்கோ அதை உடுத்திக்கணும். இது எனக்கில்லைன்னு கேட்கக் கூடாது. அதானே நமக்குச் சட்டம். அனஸ்தாசியாவும் கேட்கலை பாருங்க."

அவர் வருத்தப்பட்டே பேசவில்லை. அதுதான் மோட்சத்தை இன்னும் கொன்றது.

*

"நான் போயிடறேன், சிஸ்டர்."

"எங்கே?" என்றார் கொர்னேலியா.

மோட்சம் மகன் வீட்டை நினைத்துப் பார்த்தாள். அவள் படுத்திருந்த அறையில் இப்போது மருமகளின் தையல் மெஷின் ஓடுகிறது. மகன் வா என்றுதான் சொல்வான். சொல்வதற்கு முன்னால் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான். அந்த ஒரு பார்வையை அவளால் தாங்க முடியாது.

"பெலாஜியா சிஸ்டர் விழுந்தது என்னால. அங்கியை மாத்தி மாத்தி வெச்சிருக்கேன். நான் சரியாத்தான் படிச்சேன், சத்தியமா. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பார்த்தேன். சரியாப் படிச்சும் தப்பாப் போச்சுன்னா, அப்போ என் மண்டையிலதான் ஏதோ..."

நிறுத்தினாள். பிறகு விழுங்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

கொர்னேலியா எழுந்துபோய் ஓர் அங்கியை எடுத்து வந்து, பட்டையை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"படிங்க."

"ஒன்பது."

இன்னொன்று.

"பதினொண்ணு."

"சரியாப் படிக்கிறீங்களே."

"அதான் சிஸ்டர் பயமா இருக்கு."

கொர்னேலியாவின் நெற்றி சுருங்கியது. அவருக்கும் பிடிபடவில்லை என்பதை மோட்சம் பார்த்துவிட்டாள். அதுவரை எவ்வளவு கலங்கினாலும், சிஸ்டருக்குத் தெரியும் என்று ஒரு பிடிமானம் இருந்தது. அதுவும் போனது.

"இன்னிக்குச் சாயங்காலம் ஆலோசனைக் கூட்டம்," என்றார் கொர்னேலியா. "உங்களுக்கு அங்கி கொடுக்கறதா, திருப்பி அனுப்பறதான்னு முடிவு பண்ணப் போறாங்க. தெரியும்தானே?"

"தெரியும்."

"பெரிய மதர் இதைப் பத்திக் கேட்பாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க சிஸ்டர்?"

"தெரியலை."

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று மோட்சத்துக்கு அழுகை வந்தது.

*

கூட்ட அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு நாற்காலி. நடுவில் பெரிய மதர். அவருக்கு இருபுறமும் மூத்த சிஸ்டர்கள் இரண்டு பேர். ஓரத்தில் கொர்னேலியா.

இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல்.

மோட்சம் அதில் உட்கார்ந்தாள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய மதர் நல்லவர்தான். முட்டி வலிக்காரர். கைத்தடி இல்லாமல் எழ முடியாது, எழ வேண்டி வந்தால் எரிச்சல் வரும். மேஜைமேல் ஓர் அங்கியைத் தன் முன்னால் விரித்து, பட்டையைத் திறந்து வைத்திருந்தார்.

"இது பெலாஜியாவோடது. அனஸ்தாசியாவோட தட்டுல இருந்து எடுத்தது. வெச்சது நீங்கதானே?"

"நான்தான் மதர்."

"கையை உடைச்சுக்கிட்டு ஒருத்தர் படுத்திருக்காங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க. அது எனக்கும் தெரியும். ஆனா இந்த வயசுல இதெல்லாம் உங்களுக்குப் பழகுமா, மனசுல நிக்குமான்னு நாங்க பார்க்கணும் இல்லையா?"

"ஆமா மதர்."

"இதுல என்ன எண் போட்டிருக்கு? நிதானமாச் சொல்லுங்க."

மோட்சம் எட்டிப் பார்த்தாள்.

சிவப்பு நூல் தெளிவாகத் தெரிந்தது. கோடு முன்னால் நின்றது. பெருக்கல் குறி பின்னால் நின்றது.

முன்னால் நின்றால் கழிக்கணும்.

இருந்தாலும் உடனே சொல்லவில்லை. மறுபடியும் பார்த்தாள். கண்ணை மூடித் திறந்து இன்னொரு தடவை பார்த்தாள். கோடு முன்னால்தான் நின்றது.

"ஒன்பது," என்றாள்.

 மூத்த சிஸ்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார், பாவம் என்பது போல.

"இன்னொரு தடவை பாருங்க," என்றார் பெரிய மதர். குரல் முன்னைவிட மென்மையாக இருந்தது. நோயாளியிடம் பேசும் குரல்.

மோட்சத்துக்கு அந்தக் குரல் தெரியும். இப்படித்தான் அம்மாவிடமும் எல்லோரும் மென்மையாகப் பேசினார்கள்.

அவர்கள் எதிர்பார்க்கும் பதில் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினொன்று என்று சொன்னால் போதும். தப்பித்துவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, சொல்வது ஒன்று என்றாகிவிட்டால் நாளைக்கு எதை நம்பித் துணி எடுத்து வைப்பாள்?

"எனக்கு ஒன்பதுன்னுதான் தெரியுது, மதர்."

சொல்லிவிட்டு கொர்னேலியாவைப் பார்த்தாள்.

கொர்னேலியா அவளைப் பார்க்கவில்லை. எழுந்து நின்றார். தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார் பெரிய மதர். "கூட்டம் முடியலை."

"இவங்களுக்குக் கத்துக்கொடுத்தவ நான், மதர். இவங்களுக்கு வரலைன்னா எனக்கும் கற்பிக்க வரலைன்னு அர்த்தம். என்னையும் அந்தப் பக்கம் உட்காரவெச்சுத்தான் விசாரிக்கணும்."

"சிஸ்டர், இது என்ன புதுப் பழக்கம்?"

கொர்னேலியா நாற்காலியைத் தூக்கவில்லை. தரை முழுக்கச் சத்தம் எழுப்பிக்கொண்டு மேஜையைச் சுற்றி இழுத்து வந்தார். ஸ்டூலை ஒட்டிப் போட்டு, மோட்சத்தின் தோளில் தோள் பட உட்கார்ந்தார்.

"நானும் வேணா வீட்டுக்குக் கிளம்பறேன்," என்றார் காதோடு. "எங்க வீட்டிலயும் இடம் கிடையாது."

 மோட்சத்தின் கையை முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இப்பக் கேளுங்க, மதர்," என்று கொர்னேலியா நிமிர்ந்தார்.

"கேட்டாச்சு. அந்த எண்ணைத்தான் கேட்டேன்."

கொர்னேலியா மேஜையில் கிடந்த பட்டையைப் பார்த்தார்.

பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். 

"சொல்லுங்க சிஸ்டர்," என்றார் பெரிய மதர்.

"ஒன்பது."

"என்னது?"

"இங்கேயிருந்து ஒன்பதுதான், மதர். துணி அறையிலயும் இவங்க எதிர்ப்பக்கம்தான் நிக்கிறாங்க."

மூத்த சிஸ்டர்கள் இரண்டு பேரும் மேஜைமேல் குனிந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பெருக்கல் குறி முதலில் நின்றது, கோடு அதற்குப் பின்னால் நின்றது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

"பதினொண்ணு பளிச்சுன்னு தெரியுதே. நீங்களும் சேர்ந்து என்ன பேசறீங்க?"

கொர்னேலியா வாதாடவில்லை. மோட்சத்தைக் கொஞ்சம் நகரச் சொல்லி, தானும் நகர்ந்து உட்கார்ந்து, நாற்காலியில் பாதியைக் காலி செய்தார்.

பெரிய மதர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். அங்கியைப் பார்த்தார். பிறகு கண் சிவந்து உட்கார்ந்திருந்த மோட்சத்தைப் பார்த்தார்.

கைத்தடியை எடுத்து ஊன்றிக்கொண்டு எழுந்தார்.