கறையானின் மரியாதை

மலையூர் அரசர் மாறவேள் வருடத்தில் ஒரே ஒருநாள் கையால் வேலை செய்வார். காட்டுத் தோப்பின் முதல் மாங்கனியை அவரேதான் பறிக்க வேண்டும், குலவழக்கம். இந்த வருடம் கையை நீட்டினார். கிளையிலிருந்த முசுறு எறும்புகள் மொத்தமாக அங்கிக்குள் குடிபுகுந்தன. அரசர் ஆடிய ஆட்டத்தை அரண்மனை நாட்டியக்காரர்கள் இன்னும் பயின்றுகொண்டிருக்கிறார்கள்.

“எறும்பை வளர்த்த காவலன் எங்கே?”

தோப்புக் காவலன் கோமன் கும்பிட்டபடி வந்தான். “முசுறு இருந்தாத்தான் சாமி, மரத்தைக் கறையான் அண்டாது. எங்க ஆளுங்க அதைக் கலைக்கவே மாட்டாங்க.”

அமைச்சர் அம்பலத்தரையருக்கு நாக்கில் தேன் சொட்டியது. அந்தக் காவல் வேலைக்கென்றே வீட்டில் ஒரு மைத்துனரைச் சோறு போட்டு வைத்திருந்தார்.

“அரசே, அடுத்த மரத்தைப் பாருங்கள். கறையான் மண்ணால் பாதையை மூடிக்கொண்டு போகிறது. அரசருக்கு எதிரே தலை காட்டுவதில்லை. சத்தமில்லை, கடியில்லை. என்ன மரியாதை! இந்த எறும்புகளைக் கொளுத்துங்கள். இவனைக் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்.”

அரசர் சொறிந்துகொண்டே தலையாட்டினார். கோமன் அரசரின் காலில் விழுந்தான். பாவம், அவனுக்கு இந்தக் காட்டைத் தவிர வேறு ஊர் தெரியாது.

அரசவை விகடர் திருமேனியார் முன்னே வந்தார். “அமைச்சர் சொல்வது சத்தியம். கறையான் மரத்துக் கனிதான் அரசருக்கு ஏற்றது. அரசர் கை வீங்கிக் கிடக்கிறது; அவருக்குப் பதிலாகக் கண்டவன் பறிக்கலாமா? மரியாதை தெரிந்த மரத்தில் மரியாதை தெரிந்தவரே ஏறட்டும். இந்தக் கடிக்கிற மரத்தில் கோமன் ஏறித் தொலையட்டும்.”

புகழ்ந்தால் பனைமரத்திலும் ஏறுகிறவர் அமைச்சர். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினார். மூன்றாவது கிளையில் காலை வைத்தார். உள்ளே மரமே இல்லை; வெறும் மண். கிளையும் அமைச்சரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

கோமன் உடம்பெல்லாம் கடி வாங்கிக்கொண்டு, கையில் கனியோடு இறங்கினான்.

திருமேனியார் குனிந்து அமைச்சரை முன்னும் பின்னும் சோதித்தார். “அரசே, அமைச்சர் வாக்கு பொய்க்கவில்லை. ஒரு கடிகூட இல்லை.”

அரசர் கடி வலியையும் மறந்து சிரித்தார். கோமனின் வேலை பிழைத்தது.

“நீர் இதில் எந்த இனம் ஐயா?” என்று திருமேனியாரைக் கேட்டார்.

“கடிக்கிற இனம், அரசே. அதனால்தான் சபையில் எனக்கு வாசலோரம் இடம்.”

மறுநாளே அவருடைய ஆசனம் அரியணைக்குப் பக்கத்தில் வந்தது. அதற்கு இடம் விட அமைச்சரின் ஆசனத்தைத்தான் அகற்றினார்கள். அவர் ஆட்சேபிக்கவில்லை, ஒரு மாதத்துக்கு அவரால் உட்கார முடியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.