வெளிக்கடலில் நின்ற கப்பல்

தணிகாசலம் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய சந்தேகம் மட்டும் இன்னும் டூட்டியில் இருந்தது. பொழுது போகாமல், ஊர்ச் சரித்திரம் எழுதக் கற்றுக்கொள்ள சரித்திர ஆசிரியை லூர்தம்மாளிடம் வந்து சேர்ந்தார். லூர்தம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் தணிகாசலம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை.

முதல் உலகப் போரில் பட்டாளத்தை ஏற்றிவந்த பயணிகள் கப்பல் ஒன்று. அதில் ஊர் திரும்பிய சிப்பாய்களின் பெயர்களைக் கடற்கரையில் கல்லில் வெட்டப் போகிறார்கள். யார் பெயர் வரலாம், யார் பெயர் வரக்கூடாது என்று சரிபார்த்துச் சொல்லும் பொறுப்பு தணிகாசலத்திடம் வந்திருந்தது.

"எவனோ பொய் சொல்றான் மேடம்," என்றார். "கப்பல் மாசத் தொடக்கத்துலயே வந்துருச்சுன்னு துறைமுகத்துல எழுதியிருக்காங்க. பட்டாளத்துல பத்து நாள் கழிச்சு வந்ததா எழுதியிருக்காங்க. நடுவுல கப்பல் எங்க போச்சு?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"கேப்டன் எதையோ கடத்தியிருக்கான். மஞ்சக் கொடி வேற ஏத்தியிருந்தானாம். யாருக்கோ சைகை காட்டியிருக்கான். அதுல வந்த சிப்பாய் வேலாண்டியும் கூட்டு. துறைமுகக் கணக்குல ஒரு தலைகூட குறையல. பட்டாளம் எண்ணும்போது இவன் மட்டும் இல்ல. ஓடிப்போனவன்னு எழுதிட்டாங்க. சரியாத்தான் எழுதியிருக்காங்க."

வேலாண்டியின் கொள்ளுப்பேத்தி பேச்சியம்மாள் முந்தின நாள்தான் தணிகாசலத்திடம் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"இன்னிக்கும் எங்க வீட்டை ஓடிப்போனவன் வீடுன்னுதான் சார் சொல்றாங்க. கல்லுலயும் பேர் வரலேன்னா அதுவே நிசமாயிரும்."

அந்த அழுகையையும் அவர் சந்தேகப்பட்டார்.

லூர்தம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாங்க சார்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் லூர்தம்மாளின் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் வாட்ச்மேன் தணிகாசலத்தின் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டார். "இங்கயே நில்லுங்க சார். மேடம் கூப்பிடுவாங்க."

நிழல் கிடையாது. உட்கார நாற்காலி கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது. வாட்ச்மேன் காசு எதிர்பார்க்கிறான் என்று முதலில் தோன்றியது. பிறகு, அந்த அம்மாவே வேண்டுமென்று நிறுத்தி வைத்திருக்கிறாரோ என்று தோன்றியது. அன்றைக்கு அவர் பட்ட சந்தேகங்களில் அது ஒன்றுதான் சரி.

ஒருவழியாக அழைப்பு வந்தது. மேலே போனார்.

"இப்பத்தான் வர்றீங்களா சார்?"

தணிகாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் எப்பவோ வந்துட்டேன். கீழே கேட்டுப் பாருங்க."

லூர்தம்மாள் இன்டர்காமில் கேட்டார். "அவர் அப்பவே வந்துட்டாரேம்மா, எழுதியே வச்சிருக்கேன்," என்றார் வாட்ச்மேன்.

"என் கணக்குல நீங்க வாசப்படி மிதிச்சது இப்பத்தான். எங்க ரெண்டு பேர்ல யார் சார் பொய் சொல்றோம்?"

"ரெண்டு பேரும் இல்ல. நான் கீழ கேட்ல நின்னுக்கிட்டிருந்தேன்."

"அங்க என்ன ஆச்சு?"

"தலை சுத்திச்சு. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டேன்."

"அதை யார் எழுதினாங்க?"

"யாரும் எழுதல."

லூர்தம்மாள் அவருக்கு மோர் கொடுத்தார். "அங்கேயே உங்களுக்கு ஏதாவது ஆகி, யாரோ தூக்கிட்டுப் போயிருந்தா? வாட்ச்மேன் கணக்குல வந்துட்டீங்க. என் கணக்குல வரவேயில்ல. நான் உங்களை என்னன்னு எழுதியிருப்பேன்?"

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்த மஞ்சக் கொடி?"

"கப்பல்ல தொத்துநோய்னு அர்த்தம். கரைக்கு விடமாட்டாங்க, வெளிக்கடல்லயே நிக்கணும். நங்கூரம் போட்டதுமே துறைமுகத்துல வந்தாச்சுன்னு எழுதிருவாங்க. பட்டாளத்துக்கு, சிப்பாய் கால் மண்ணுல பட்டாத்தான் வந்த கணக்கு. நடுவுல செத்தவங்களைக் கடல்லயே விட்டுருவாங்க சார்."

தணிகாசலத்தைப் பழைய குணம் அப்போதும் விடவில்லை.

"வேலாண்டி நோயில செத்தார்னு யார் கண்டது மேடம்? கரை கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். நீந்தி ஓடியிருந்தா?"

"எனக்கும் தெரியாது," என்றார் லூர்தம்மாள். "ஆனா கீழே கேட் திறந்துதான் இருந்துச்சு. வீடும் பக்கம்தான். தலை சுத்தற வரைக்கும் நின்னீங்களே, நீங்க ஏன் சார் போகல?"

தணிகாசலம் போனை எடுத்து, கல் வெட்டும் ஆசாரியின் எண்ணைத் தேடினார்.