இருநூற்றுப் பதினொரு பாம்புகள்

நரிமேட்டுக் காப்புக்காட்டைக் காடு என்று சொன்னால் சிரிப்பார்கள். நாலு பக்கமும் அடுக்குமாடி, நடுவில் கொஞ்சம் முட்புதர், கைவிட்ட ஒரு கல்குவாரி. அவ்வளவுதான். ஆனாலும் குவாரிப் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. புதருக்குள் முயலும் கீரியும் உடும்பும் குடித்தனம் நடத்துகின்றன.

அங்கே வாட்சர் வேலைக்கு வந்தவள் ஆக்னஸ். முப்பத்தாறு வயது. வேலைக்கு வந்து ரெண்டு மாசம்தான். ஆனால் அந்தக் குவாரியில் கல் உடைத்தவரின் மகள். எந்தப் பொந்தில் எது இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும்.

தணிகாசலம் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். காட்டைப் பற்றிக் கற்றுக்கொள்ள அவளிடம் வருவார், அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மனுஷனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ஃபிளாட்டில் பாம்பு என்று போன் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுவார். யாரையும் அடிக்க விடமாட்டார். பிடித்துப் பையில் போட்டு இந்தக் காட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார். ஆறு வருஷமாக இதே வேலை.

அன்று பதினோரு மணி வாக்கில் ஒரு சாரைப்பாம்போடு வந்தவர், பையைத் திறக்காமல் அங்குமிங்கும் நடந்தார்.

“என்ன மாஸ்டர், விடலையா?”

“இதுக்கு முன்னாடி இருநூத்துப் பதினொண்ணு விட்டிருக்கேன், டீச்சர். அதுல ஒண்ணைக்கூட மறுபடி இங்கே பார்த்ததில்ல. நாலு நாளா தூக்கமில்ல. எல்லாம் எங்கே போச்சு?”

ஆக்னஸ் பையை வாங்கி, நிழலில் இருந்த மண்பானைக்குள் வைத்து, வாயைத் துணியால் கட்டினாள். பிறகு ஒரு துண்டை நீட்டினாள்.

“கண்ணைக் கட்டிக்குங்க. போன், பர்ஸ், செருப்பு எல்லாம் இங்கேயே இருக்கட்டும்.”

“இந்த வயசுல என்ன விளையாட்டும்மா?”

“கேட்டது நீங்க.”

ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓட்டினாள். எங்கேயோ இறக்கி, நின்ற இடத்திலேயே மூன்று சுற்று சுற்றிவிட்டு, “நூறு எண்ணிட்டு அவிழுங்க” என்றாள்.

அவிழ்த்தபோது அவளைக் காணோம். முன்பின் பார்த்திராத தெரு. உச்சி வெயில்.

“அடிப்பாவி!” என்றார் வாய்விட்டு.

திரும்பி வந்து சேர்ந்தபோது மணி நாலு. வரும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

“உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? தார் ரோட்டுல பாதம் வெந்துபோச்சு. நிழலுக்கு ஒதுங்கினா ஒவ்வொரு கேட்டுலயும் ஒருத்தன், ‘யாருய்யா நீ, நகரு’ங்கறான். நாய் விரட்டுது. எந்தப் பக்கம் வீடுன்னு தெரியாம ஒரே ரோட்டை மூணு தடவை சுத்தியிருக்கேன்!”

ஆக்னஸ் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்தவர் நிறுத்திவிட்டார். சொம்பு கையிலேயே இருந்தது.

“இங்கேயும் எல்லாப் பொந்துலயும் ஆள் இருக்கா?”

“எங்க தாத்தா காலத்துல இது மேய்ச்சல் தரை. அப்பா காலத்துல குவாரி. அதை மூடி வேலி போட்டு முப்பது வருஷமாச்சு. நல்ல பொந்துக்கெல்லாம் உடும்பும் கீரியும் அப்பவே குடிவந்தாச்சு.”

“சாரை?”

“அது வயக்காட்டுப் பிராணி. அந்த வயல்லதான் உங்க ஃபிளாட்டு நிக்குது.”

தணிகாசலம் பானைத் துணியை அவிழ்த்துப் பையை எடுத்துக்கொண்டார்.

“இதைப் பிடிச்ச ஓடையிலேயே, ஃபிளாட்டுக்குப் பின்னாடியே விட்டுடறேன். அசோசியேஷன்காரங்க என்னைத் திட்டினா திட்டட்டும். நான் பேசிக்கறேன்.”

“சரி.”

கேட் வரை போனவரால் அதற்கு மேல் போக முடியவில்லை. திரும்பி வந்தார்.

“டீச்சர், நான் வந்து சேர்ந்துட்டேனே. அந்த இருநூத்துப் பதினொண்ணுல பாதியாவது எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்காதா?”

“நீங்க எப்படி வந்தீங்க?”

“ஒரு தண்ணி லாரிக்காரன்கிட்ட வழி கேட்டேன். பாவம்னு ஏத்திக்கிட்டு வந்து முக்குல இறக்கிவிட்டான்.”

ஆக்னஸ் அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

“உங்களுக்குக் கேட்க வாய் இருந்துச்சு, மாஸ்டர்” என்றாள்.