இருபத்திரண்டில் இரண்டு வாத்து

"இனிமே வாத்து வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன் வக்கீலம்மா" என்றார் ஆதிலிங்கம்.

பெனடிக்டா கையிலிருந்த கேஸ் கட்டைக் கீழே வைத்தார்.

"எந்த வாத்து அண்ணாச்சி?"

"இருபத்திரண்டாம் பிரிவு வாத்து."

ஆதிலிங்கத்துக்கு ஐம்பத்தொரு வயது. பெனடிக்டாவுக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் மாணவர் ஆதிலிங்கம்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் பெனடிக்டாவின் அலுவலகத்தில் உட்கார்ந்து அரசமைப்புச் சட்டத்தை வரி வரியாகப் படித்தார். இப்போது அதையே ஒரு பயிற்சி மையத்தில், அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

அதில் அவருக்கென்று ஒரு வழி உண்டு. ஆறு அடிப்படை உரிமைகளையும் சமையலாக்கி வைத்திருந்தார். சட்டியில் சுக்கு, சுரைக்காய், சர்க்கரை, பயறு, அடியில் தீ. அதாவது சமத்துவம், சுதந்திரம், சுரண்டலுக்கு எதிரான உரிமை, சமயம், பண்பாடு, தீர்வு. அந்தக் குழம்பை வாயில் வைக்க முடியாது. ஆனால் யாரும் மறந்ததில்லை.

இருபத்திரண்டு, கைதானவரின் உரிமை. கரும்பலகையில் 22 என்று எழுதி, இரண்டுக்கும் கண்ணும் அலகும் வரைவார். இரண்டு வாத்து நீந்தும். போலீஸ் வந்து பிடிக்கும். வாத்துகள் கழுத்தைத் தூக்கிக் கேட்கும்: ஏன்? யாரு? எப்போ?

என்னை ஏன் பிடிச்சீங்க? எனக்கு வக்கீல் யாரு? இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால எப்போ நிறுத்துவீங்க?

"அதுக்கு என்ன வந்துது?" என்று கேட்டார் பெனடிக்டா.

"ஆண்டு விழாவுக்கு ஒரு பேராசிரியர் வந்தார். ஒரு பிள்ளையை எழுப்பி, இருபத்திரண்டு என்ன சொல்லுதுன்னு கேட்டார். அவ, 'ரெண்டு வாத்து சார்'னு ஆரம்பிச்சா. மண்டபமே சிரிச்சுது. அதுக்கு மேல அவளைப் பேச விடல."

"அவர் என்ன சொன்னார்?"

"சட்டத்தைப் பண்ணை ஆக்கிட்டீங்களேன்னார். மைக்குல."

ஆதிலிங்கம் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்தார்.

"எனக்கும் அது சரின்னுதான் படுது. எத்தனை பேர் எத்தனை நாள் உக்காந்து எழுதுனது. நான் அதுக்கு அலகு வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"வாத்து இல்லாம இருபத்திரண்டைச் சொல்லுங்க."

ஆதிலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கைது செய்யப்பட்ட எவரையும், அந்தக் கைதுக்கான காரணங்களைக் கூடிய விரைவில் அவருக்குத் தெரிவிக்காமல் காவலில் வைத்தலாகாது" என்று தொடங்கி, கடைசி வரை ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

"அழகா இருக்கு. அப்படியே சொல்லிக் குடுங்க."

"வாத்தை என்ன செய்ய?"

"அவிழ்த்து விட்டுடுங்க" என்றார் பெனடிக்டா. "எங்க போகுதுன்னு பார்ப்போம்."

ஆதிலிங்கம் சொன்னபடி செய்தார். ஒரு மாதம் வகுப்பில் சமையலும் இல்லை, வாத்தும் இல்லை. பிள்ளைகள் கொட்டாவியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். அவரும் விடவில்லை. காலையில் முகம் மழிக்கும்போதுகூட இருபத்திரண்டைச் சொல்லிக்கொண்டே மழித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. ரவுண்டானாவில் போலீஸ் அவருடைய ஸ்கூட்டரை மறித்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இன்னொருவரிடமிருந்து பழையதாக வாங்கிய வண்டி. அதன் இன்ஜின் எண் திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறது என்றார்கள்.

"பேப்பர் எல்லாம் வீட்டுல இருக்கு சார்."

"ஸ்டேஷன்ல வந்து பேசு."

அதுவரை அவர் எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளும் கால் வைத்ததில்லை. உள்ளே அவர் வயதில் பாதிகூட இல்லாத எஸ்.ஐ., தலையைத் தூக்காமலே, "அங்க நில்லு" என்றார். "திருட்டு வண்டின்னு தெரிஞ்சுதானே வாங்குன?"

ஆதிலிங்கம் வாயைத் திறந்தார்.

"கை..." என்றார்.

"கையா? கைக்கு என்ன?"

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆறு வருஷம் படித்தது, ஒரு மாதம் தினமும் சொன்னது, எல்லாவற்றையும் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டது போலிருந்தது.

அந்த வெறும் பலகையில் இரண்டு வாத்து நீந்தி வந்தன.

ஆதிலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

"ஏன் சார்?" என்றார். குரல் மெலிந்துதான் வந்தது. "என்னை ஏன் பிடிச்சிருக்கீங்க? காரணத்தைச் சரியாச் சொல்லுங்க."

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு வக்கீல் இருக்காங்க. அவங்களுக்குப் போன் பண்ணணும்." மூச்சு வாங்கினார். "மாஜிஸ்திரேட் முன்னால எப்போ நிறுத்துவீங்க?"

எஸ்.ஐ. எதிரே இருந்த பெஞ்சைக் காட்டினார்.

"உக்காருங்க" என்றார் எஸ்.ஐ. "போனை எடுத்துப் பேசுங்க."

பெனடிக்டா அவர் வீட்டுக்குப் போய் வண்டியின் பேப்பர்களை வாங்கிக்கொண்டு வந்தார். இன்ஜின் எண்ணில் ஒரு எட்டை மூன்று என்று வாசித்திருக்கிறார்கள். சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி அனுப்பும்போது மணி மூன்று.

வாசல் வேப்பமரத்தடியில் ஆதிலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒரு வரி வரல வக்கீலம்மா. ஒரு வரி. அதுக ரெண்டும்தான் வந்துச்சு."

பெனடிக்டாவும் சிரித்தார். பிறகு கேட்டார்.

"உள்ள வேற யாரும் இருந்தாங்களா?"

"சுவரோரமா ஒருத்தர் இருந்தார். மாசானம்னு பேரு. உப்பு லாரியில லோடு ஏத்துறவராம். நேத்து சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டிட்டு வந்தாங்களாம். எதுக்குன்னு அவருக்கே தெரியல."

பெனடிக்டா மணிக்கட்டைத் திருப்பித் தன் கடிகாரத்தை அவருக்குக் காட்டினார்.

மூன்று பத்து.

ஆதிலிங்கம் மறுபடியும் படியேறினார்.

"இன்னும் என்ன?" என்றார் ஸ்டேஷன் எழுத்தர்.

"ஹெல்மெட்டை விட்டுட்டேன்" என்றார் ஆதிலிங்கம். அது உண்மைதான். ஆனால் ஹெல்மெட் இருந்த பெஞ்சுக்கு அவர் போகவில்லை. சுவரோரம் மாசானத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மாசானத்துக்கும் அவர் வயதுதான் இருக்கும். உள்ளங்கை முழுக்க உப்பு வெடிப்பு.

ஆதிலிங்கம் தரைப் புழுதியில் விரலால் 22 என்று எழுதினார்.

"எனக்கு எழுத்து தெரியாது சார்" என்றார் மாசானம்.

"இது எழுத்து இல்ல. வாத்து."

மாசானம் உற்றுப் பார்த்தார். ஆதிலிங்கம் கண் வைத்தார், அலகு வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் கதையைச் சொன்னார். மாசானத்தின் வாயோரம் லேசாக நெளிந்தது. உதடு மட்டும் அசைய, மூன்று கேள்விகளையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு எழுந்தார். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எஸ்.ஐ. மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, என்னை ஏன் பிடிச்சீங்க?"

எழுத்தரின் பேனா நின்றது.

"எனக்கு வக்கீல் யாரு?"

"நான்" என்றார் பெனடிக்டா, வாசலிலிருந்து.

எஸ்.ஐ. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மாசானம் மூன்றாவதைக் கேட்க வாயைத் திறப்பதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டு, டிரைவரைக் கூப்பிட்டு, "ஜீப்பை எடு, கோர்ட்டுக்குப் போகணும்" என்றார்.